உறைந்த தேம்ஸ் நதியின் மேல் ஒரு சந்தை: பழைய லண்டனின் பனிக்காலக் கொண்டாட்டம்

லண்டன் நகரின் நடுவே ஓடும் தேம்ஸ் நதி, கடுங்குளிர் மிகுந்த சில ஆண்டுகளில் ஒரு கரை முதல் மறு கரை வரை முற்றிலும் உறைந்துபோனதுண்டு. அந்நாட்களில் நகர மக்கள் உறைந்த ஆற்றின் மீது இறங்கிக் கடைகள் போட்டார்கள், இறைச்சி சுட்டார்கள், பந்தாடினார்கள், குதிரைவண்டிகளை ஓட்டினார்கள். அச்சு எந்திரத்தைக்கூட இழுத்துவந்து நிறுத்தித் தங்கள் பெயரை அச்சிட்டு வாங்கிச் சென்றார்கள். இவ்வாறு ஆற்றின் மேல் கூடிய தற்காலிகச் சந்தையே உறைபனிச் சந்தை எனப்படுகிறது. 1608 முதல் 1814 வரையிலான இருநூறு ஆண்டுகளில் பெரிய அளவில் கூடிய சந்தைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே. ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறை பார்த்திருந்தாலே பெரிது.

பழங்காலத்து மக்கள் பனிக்காலத்தை எப்படி அனுபவித்தார்கள் என்று கேட்டால், பனிப்பந்து எறிதல், பனிப்பொம்மை செய்தல், சறுக்கி விளையாடுதல் என்ற அளவில் பலரும் நினைத்து நிறுத்திக்கொள்கிறார்கள். அவையெல்லாம் இருந்தன, ஆனால் உறைபனிச் சந்தை அவற்றைவிடச் சுவையான செய்தி. குளிர் மிகுந்துவிட்டால் மட்டும் அது கூடிவிடவில்லை. கடுங்குளிர், ஒரு பழைய பாலத்தின் விசித்திரமான அமைப்பு, பிழைப்பு நின்றுபோன படகோட்டிகளின் சாமர்த்தியம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தபோதுதான் அது நடந்தது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால், அந்தச் சந்தை ஏன் லண்டனில் தோன்றியது, ஏன் 1814க்குப் பிறகு ஒருமுறைகூடக் கூடவில்லை என்பது எளிதில் விளங்கும்.

ஆறு உறைந்தது எப்படி?

ஐரோப்பாவில் ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலவிய குளிர்ந்த காலத்தை அறிவியலாளர்கள் 'சிறு பனியுகம்' என்று குறிப்பிடுகிறார்கள். பெயரைக் கேட்டு, அந்த நூற்றாண்டுகள் முழுவதும் ஐரோப்பா பனியில் புதைந்து கிடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சராசரி வெப்பநிலை சிறிதளவே தாழ்ந்திருந்தது; அந்தச் சிறு தாழ்வு, மிகக் கொடிய குளிர்காலங்கள் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டிவிட்டது. பெரிய எரிமலை வெடிப்புகள் வானில் பரப்பிய நுண்துகள்கள் சூரிய ஒளியை மறைத்தது ஒரு காரணமாகவும், 1645க்கும் 1715க்கும் இடையே சூரியப் புள்ளிகள் மிக அரிதாகிச் சூரியனின் செயல்பாடு மந்தமாக இருந்தது மற்றொரு காரணமாகவும் கருதப்படுகின்றன.

இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 1659 முதல் மாதவாரியான வெப்பநிலைப் பதிவு கிடைக்கிறது. அதன்படி 1683–84 குளிர்காலத்தின் சராசரி மைனஸ் 1.2 டிகிரி செல்சியஸ். அந்த நீண்ட பதிவில் இதைவிடக் குளிர்ந்த குளிர்காலம் வேறில்லை. ஆனால் இரண்டே ஆண்டுகள் கழித்து வந்த 1685–86 குளிர்காலமோ அதே பதிவின் மிக மிதமான குளிர்காலங்களுள் ஒன்று. ஆகவே, அக்கால லண்டன்வாசிகள் ஆண்டுதோறும் உறைந்த ஆற்றில் விளையாடிக் களித்தார்கள் என்று எண்ணுவது பொருந்தாது. பெரும்பாலான ஆண்டுகளில் தேம்ஸ் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

குளிர் மட்டும் போதாது என்று மேலே சொன்னதற்கு இனிக் காரணம் காண்போம். தேம்ஸ் சாதாரண ஆறு அன்று. கடலின் ஏற்றவற்றம் லண்டனைத் தாண்டியும் உள்ளே வந்து போகிறது. நாளுக்கு இருமுறை நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் ஆறு அவ்வளவு எளிதில் உறையாது. அதை உறையச் செய்தது பழைய லண்டன் பாலம். 1176இல் தொடங்கி 1209இல் முடிக்கப்பட்ட அந்தக் கற்பாலத்துக்கு ஏறக்குறைய இருபது கண்கள் இருந்தன. ஒவ்வொரு தூணின் அடியையும் நீரோட்டம் அரித்துவிடாதபடி, மரக்கம்பங்களை அடித்து, நடுவில் கல்லும் மண்ணும் கொட்டி, படகு வடிவிலான அகன்ற திண்டுகளைக் கட்டியிருந்தார்கள். தூண்களும் திண்டுகளுமாகச் சேர்ந்து ஆற்றின் அகலத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டன. போதாக்குறைக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில கண்களில் குடிநீர் ஏற்றும் நீர்ச்சக்கரங்களையும் பொருத்தினார்கள். எஞ்சிய குறுகிய சந்துகளின் வழியாகவே ஆறு வெளியேற வேண்டியிருந்தது. நீர் வற்றும் வேளையில் பாலத்துக்கு மேற்புறத்து நீர்மட்டம், கீழ்ப்புறத்தைவிட ஓர் ஆள் உயரத்துக்குக்கூட அதிகமாக இருந்ததாம். அந்தச் சந்துகளுக்குள் படகைச் செலுத்துவது உயிரோடு விளையாடுவதற்குச் சமம்.

பாலம் என்ற பெயரில் அது அரை அணையாக நின்றது என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு மேற்புறத்தில் நீர் தேங்கி மெதுவாக நகர்ந்தது; கடலின் உப்புநீர் மேலே ஏறுவதும் ஓரளவு தடைப்பட்டது. கடுங்குளிர் நாட்களில், ஆற்றின் மேற்பகுதியில் உறைந்து உடைந்த பனிப்பாளங்கள் மிதந்துவந்து பாலத்தின் கண்களில் சிக்கி நின்றன. அவற்றின் பின்னால் மேலும் பாளங்கள் வந்து முட்டின. இடையிலிருந்த நீரும் உறைந்து, எல்லாம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டபோது, லண்டன் பாலத்திலிருந்து மேற்கே வெஸ்ட்மின்ஸ்டர் வரை ஆறு ஒரே பனித்தளமாயிற்று. அத்தளம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் அக்கால ஓவியங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பாளங்கள் மேடும் பள்ளமுமாக மோதி நின்ற இடங்களை அவற்றில் காணலாம். அக்காலத்தில் ஆற்றுக்கு இன்றுள்ள கற்கரைகள் இல்லை. ஆறு அகன்றும் ஆழம் குறைந்தும் பரந்து கிடந்ததால் உறைவது மேலும் எளிதாயிற்று.

சந்தைக்கு முந்திய விளையாட்டு

சந்தை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே லண்டன் இளைஞர்கள் பனியில் விளையாடக் கற்றிருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபிட்ஸ்டீபன் என்ற மதகுரு நகரைப் பற்றி லத்தீன் மொழியில் எழுதிய குறிப்பில், வடக்கு மதிலுக்கு வெளியே இருந்த சதுப்பு நிலம் உறைந்ததும் இளைஞர்கள் கூட்டமாக அங்கே போவதை விவரிக்கிறார். சிலர் ஓடிவந்து, கால்களை அகல வைத்துப் பக்கவாட்டில் வெகுதூரம் சறுக்கினார்கள். சிலர் பெரிய பனிக்கட்டியில் ஒருவரை உட்காரவைத்து, மற்றவர்கள் கைகோத்து இழுத்துச் சென்றார்கள். இன்னும் திறமை மிக்கவர்கள் விலங்குகளின் கால் எலும்புகளைத் தங்கள் பாதங்களுக்கு அடியில் கட்டிக்கொண்டு, முனையில் இரும்பு பொருத்திய கழியால் பனியை ஊன்றித் தள்ளி, பறவையைப்போல விரைந்தார்கள். எதிரெதிராக வந்து கழிகளால் மோதி விழுவதும், விழுந்து கைகால் முறிவதும் உண்டு என்று அவரே எழுதுகிறார். அவ்வாறு பயன்படுத்தித் தேய்ந்த எலும்புச் சறுக்குகள் லண்டன் மண்ணைத் தோண்டியபோது பல கிடைத்துள்ளன.

1564ஆம் ஆண்டின் இறுதியில் தேம்ஸ் உறைந்தது. அரசி முதலாம் எலிசபெத்தின் காலம் அது. வெறும் தரையில் ஆடுவதுபோலவே மக்கள் துணிந்து ஆற்றின் மேல் பந்தாடினார்கள் என்றும், அரசவையினர் அங்கே இலக்கு நாட்டி அம்பெய்து பழகினார்கள் என்றும், நகரின் எந்தத் தெருவிலும் இல்லாத கூட்டம் ஆற்றில் இருந்தது என்றும் அக்கால வரலாற்று ஏடு கூறுகிறது. ஜனவரி 3ஆம் தேதி இரவு பனி உருகத் தொடங்கியது. 5ஆம் தேதி பார்த்தால், லண்டன் பாலத்துக்கும் லாம்பெத்துக்கும் இடையே பனியின் சுவடே இல்லை. திடீரென உருகிய நீர் பெருவெள்ளமாகிப் பாலங்களையும் வீடுகளையும் அடித்துச் சென்றது. நாட்டின் பல இடங்களில் மக்கள் மூழ்கி இறந்தார்கள். பனி விளையாட்டைப் பற்றிய பழைய குறிப்புகளில் இந்த இரட்டை முகத்தை மீண்டும் மீண்டும் காண்கிறோம். அதே குளிர்காலத்தைக் கண்ட பின்னர்தான், 1565இல், பீட்டர் புரூகல் என்ற ஓவியர் பனியில் திரும்பிவரும் வேட்டைக்காரர்களையும், கீழே உறைந்த குளங்களில் விளையாடுவோரையும் தீட்டினார். ஐரோப்பியப் பனிக்காலம் என்றதும் பலர் மனத்தில் எழும் காட்சி அதுவே.

படகோட்டிகள் செய்த வேலை

1564இல் மக்கள் ஆற்றில் விளையாடினார்கள். 1608இல்தான் ஆற்றில் வணிகம் செய்தார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை அறிய, படகோட்டிகளின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை, நகரப் பகுதியில் ஆற்றைக் கடக்க லண்டன் பாலம் ஒன்றுதான் இருந்தது. அதன் மேலும் இருபுறமும் வீடுகளும் கடைகளும் நெருக்கிக் கட்டப்பட்டிருந்ததால் கடந்து போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே அக்கரை செல்வோர் மட்டுமின்றி, நகரின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செல்வோரும் படகையே நம்பியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான படகோட்டிகள் இத்தொழிலால் வாழ்ந்தார்கள். அவர்களது கட்டணத்தை 1514ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1555இல் அவர்களுக்கென ஒரு தொழிற்கழகமும் அமைந்தது.

ஆறு உறைந்தால் இவர்களுக்கு அன்றாடக் கூலி நின்றுவிடும். சேமிப்பு என்று எதுவுமில்லாத குடும்பங்களுக்கு ஒரு வாரம் ஆறு உறைவது என்றால் ஒரு வாரப் பட்டினி என்று பொருள். எனவே அவர்கள் ஆற்றின் மீதான தங்கள் உரிமையை வேறு வடிவில் நிலைநாட்டினார்கள். கரையோரத்தில், நீர் ஏறி இறங்குவதால் பனி உடைந்து பிளவுபட்டிருக்கும். அங்கே பலகை போட்டு, அதன் வழியாகப் பனித்தளத்தில் இறங்குவோரிடம் காசு வாங்கினார்கள். சில இடங்களில் பிளவை அவர்களே வெட்டி உண்டாக்கிவிட்டுப் பலகையைப் போட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. நியாயமான குற்றச்சாட்டாகவே தோன்றுகிறது, ஆனாலும் அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. துடுப்புகளை நட்டுக் கம்பங்களாக்கி, பாய்த்துணியையும் கம்பளியையும் மேலே போர்த்திக் கூடாரம் எழுப்பினார்கள். சிலர் படகுகளுக்கு அடியில் சக்கரங்களைப் பொருத்தி, பாய் விரித்துக் காற்றின் வேகத்தில் பனிமீது ஓட்டினார்கள். தை மாதத்தில் தென்பெண்ணை ஆற்று மணலில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவில், முந்தின நாள் வெறுமையாகக் கிடந்த மணலில் கடைத்தெருவே முளைத்துவிடுவதைப் பார்த்தவர்கள், இக்காட்சியை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்.

1608இல் கூடிய சந்தையில் பழம் விற்போர், மது விற்போர் ஆகியோரோடு நாவிதர்களும் கடை போட்டிருந்தார்கள். உறைந்த ஆற்றின் நடுவே உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டேன் என்று பின்னாளில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே பலர் அங்கு போனதாகத் தெரிகிறது. சந்தையின் அடிப்படையே இதில் அடங்கியிருக்கிறது எனலாம்: விற்கப்பட்ட பொருளைவிட, விற்கப்பட்ட இடத்துக்கே மதிப்பு.

1683–84: ஆற்றின் மேல் ஒரு நகரம்

உறைபனிச் சந்தைகளுள் தலையாயது 1683–84ஆம் ஆண்டுச் சந்தை. டிசம்பரில் தொடங்கிய உறைபனி பிப்ரவரித் தொடக்கம் வரை நீடித்தது. லண்டனில் பனித்தளம் சுமார் 11 அங்குலத் தடிமன் கொண்டிருந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. ஜான் ஈவ்லின் என்பவரின் நாட்குறிப்பு அந்நாட்களை நமக்கு நேரில் காட்டுகிறது. ஜனவரி 9ஆம் தேதி அவர் வெஸ்ட்மின்ஸ்டர் படித்துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள லாம்பெத்துக்கு ஆற்றின் மீதே நடந்துபோய், பேராயரோடு உணவருந்தினார். அப்போதே ஆற்றின் குறுக்கே தெருத்தெருவாகக் கடைகள் இருந்தன. வண்டிகளும் குதிரைகளும் போய்வந்துகொண்டிருந்தன. ஜனவரி 24ஆம் தேதிக் குறிப்பில், ஊருக்குள் ஓடுவதுபோலவே வாடகைக் குதிரைவண்டிகள் ஆற்றின் மேல் ஓடியதையும், சறுக்குவண்டிகள், சறுக்கு விளையாட்டு, குதிரைப் பந்தயம், பொம்மலாட்டம், சமையற்கடைகள், குடிக்கடைகள் ஆகியவற்றையும் வரிசையாகச் சொல்லி, நீரின் மேல் ஒரு களியாட்ட விழாவே நடந்ததுபோல் இருந்தது என்று எழுதுகிறார்.

அவர் தரும் பட்டியலில் கட்டிவைத்த காளையின் மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் கொடிய விளையாட்டும் உண்டு. இன்றைய கண்ணுக்கு அது அருவருப்பூட்டும். அன்றைய லண்டனில் அரசர் முதல் கூலியாள் வரை ரசித்த பொழுதுபோக்கு அது. நரி வேட்டையும் ஆற்றின் மேல் நடந்தது. அவற்றைவிட எனக்குப் பிடித்தது, அக்கால ஓவியங்களில் காணப்படும் சுழல்வண்டி. பனியில் ஒரு கம்பத்தை ஆழ ஊன்றி, அதில் நீண்ட கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஓர் இருக்கையைப் பிணைத்துவிடுவார்கள். ஆட்களை அதில் உட்காரவைத்து வட்டமாகத் தள்ளிவிட்டால், உராய்வு குறைந்த பனியில் அது கிறுகிறுவென்று சுற்றும். பொருட்காட்சி ராட்டினத்தின் வேலையை அங்கே ஒரு கம்பமும் கயிறும் செய்தன. காப்பிக் கூடாரங்களும் அங்கே இருந்தன. லண்டனில் முதல் காப்பிக் கடை திறந்து அப்போது முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதால், அது இன்னமும் புதுமை குன்றாத பானம்.

எல்லாவற்றுக்கும் மேலாக மக்களைக் கவர்ந்தது அச்சு எந்திரம். அழகிய ஓரச் சித்திரம் கொண்ட சிறு தாளில், வாங்குபவரின் பெயரையும், நாளையும், இது தேம்ஸ் நதியின் மீது அச்சிடப்பட்டது என்ற குறிப்பையும் பொறித்துக் கொடுத்தார்கள். ஒரு பெயருக்கு ஆறு பென்ஸ் வாங்கிய அச்சகத்தார் ஒரு நாளில் ஐந்து பவுண்டு ஈட்டினார் என்று ஈவ்லின் கணக்குச் சொல்கிறார். அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆக, ஒரு நாளைக்கு இருநூறு பேர் வரிசையில் நின்று தங்கள் பெயரை அச்சில் பார்த்திருக்கிறார்கள். அரசர் இரண்டாம் சார்லஸும் குடும்பத்தோடு வந்து, 1684 ஜனவரி 31ஆம் தேதியிட்ட தாளை அச்சிட்டு வாங்கினார். அரசர், அரசி, அரசரின் தம்பி, அவர் மனைவி, தம்பி மகள் ஆன், அவள் கணவர் என்று நீளும் அப்பெயர்ப் பட்டியலின் கடைசியில், கருவுற்றிருந்த ஆனின் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு கேலிப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். நினைவுப் பொருள் விற்கும் வணிகம் இன்று சுற்றுலாத் தலங்கள்தோறும் நடக்கிறது. அதன் பழைய, சுவையான உதாரணங்களுள் இது ஒன்று.

சறுக்குக் காலணி வந்த வழி

இரும்புத் தகடு பொருத்திய சறுக்குக் காலணியை லண்டனுக்குப் பழக்கியவர்கள் பெரும்பாலும் டச்சு நாட்டிலிருந்து திரும்பியவர்களே. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் தோற்று நாடுகடந்து வாழ்ந்த அரசவையினர் பலர், அங்கே உறைந்த கால்வாய்களில் சறுக்கக் கற்றார்கள். 1660இல் முடியாட்சி மீண்டபோது அக்கலையையும் உடன் கொண்டுவந்தார்கள். 1662 டிசம்பர் 1ஆம் தேதி செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் அவர்கள் சறுக்குவதை ஈவ்லினும், இன்னொரு புகழ்பெற்ற நாட்குறிப்பாளரான சாமுவேல் பீப்ஸும் பார்த்து வியந்திருக்கிறார்கள். பீப்ஸ் வாழ்க்கையில் அதை முதன்முறையாகப் பார்த்தது அன்றுதான்.

டச்சுக்காரர்களுக்கு இது வியப்பூட்டும் காட்சியாக இருந்ததில்லை. ஊரையும் ஊரையும் இணைத்த கால்வாய்கள் ஓட்டமில்லாத ஆழங்குறைந்த நீர் என்பதால், தேம்ஸைவிட மிக எளிதில் உறைந்தன. உறைந்த கால்வாய் அவர்களுக்கு விளையாடுமிடம் மட்டுமல்ல, சாலையும் அதுவே. சந்தைக்குப் போவோரும் உறவினர் வீட்டுக்குப் போவோரும் சறுக்கியே போனார்கள். வேலை இழந்தவர்கள் பனியைப் பெருக்கித் தடத்தைச் சுத்தம் செய்து, சறுக்குவோர் தரும் சில்லறையால் வயிறு வளர்த்தார்கள். ஓரங்களில் சிறு கடைகள் போட்டுக் கேக்கும் சூடான பானமும் விற்றார்கள். 1585 முதல் 1634 வரை வாழ்ந்த ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் என்ற வாய் பேச இயலாத ஓவியர், இக்காட்சிகளைத் தம் வாழ்நாள் முழுவதும் தீட்டினார். அவருடைய ஓர் ஓவியத்தில் செல்வந்தர் ஒயிலாகச் சறுக்குவார்; பக்கத்திலேயே ஒருவர் குப்புற விழுந்து கிடப்பார்; இன்னொரு மூலையில் கழியால் பந்தை அடித்து விளையாடுவோர் குனிந்து நிற்பார்கள்; ஏழைகள் விறகோ நாணலோ சுமந்துபோவார்கள். எல்லாத் தரத்தாரும் ஒரே தளத்தில் கலந்து நின்ற நாட்கள் அவை என்று அவ்வோவியங்களைக் கொண்டு சிலர் சொல்வதுண்டு. ஒரே தளத்தில் நின்றார்கள் என்பது உண்மை; ஆனால் யார் சறுக்கினார்கள், யார் பெருக்கினார்கள் என்பதையும் அவ்வோவியங்கள் மறைக்கவில்லை.

மகிழ்ச்சிக்குப் பின்னால்

உறைபனிச் சந்தையை விளக்கும் கட்டுரைகள் பலவும் வறுத்த இறைச்சியோடும் பொம்மலாட்டத்தோடும் நின்றுவிடுகின்றன. ஈவ்லின் அப்படி நிற்கவில்லை. களியாட்டத்தை விவரித்த அதே குறிப்பில், குளிரால் மரங்கள் மின்னல் தாக்கியதுபோல் பிளந்ததையும், மனிதரும் கால்நடைகளும் மடிந்ததையும், பூங்காக்களில் மான்கள் அழிந்ததையும், விறகும் நிலக்கரியும் விலையேறி ஏழைகளைக் காப்பாற்ற நன்கொடை திரட்ட வேண்டியிருந்ததையும் எழுதுகிறார். குளிர்ந்த காற்று மேலெழ முடியாமல் தேங்கியதால் நிலக்கரிப் புகை நகரை மூடி, தெருவின் எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்கு இருண்டதாம், மூச்சுவிடுவதே பெரும்பாடாயிற்று. ஆற்றின் வழியே சரக்குக் கப்பல்கள் வரவும் வழியில்லை. லண்டனுக்கான நிலக்கரி பெரும்பாலும் வடகிழக்குக் கடற்கரையிலிருந்து கப்பலில்தான் வந்தது என்பதால், ஆற்றை உறையவைத்த குளிரே அடுப்புக்கான கரியையும் தடுத்து நிறுத்தியது.

1739–40 குளிர்காலம் இதற்கு இன்னும் தெளிவான சான்று. தேம்ஸின் மேல் மீண்டும் சந்தை கூடிய அதே பருவத்தில், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நிலத்திலேயே உறைந்து அழுகியதால் கொடும் பஞ்சம் தொடங்கியது. அதே பருவத்தில் ரஷ்யப் பேரரசி அன்னா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உறைந்த நேவா நதிப் பனியை வெட்டியெடுத்து ஒரு மாளிகை கட்டச் செய்தார். அதில் பனிக்கட்டிலும் பனி மரங்களும் இருந்தன. விதூஷகனாக ஆக்கி இழிவுபடுத்தப்பட்ட ஒரு பிரபுவுக்குக் கட்டாயத் திருமணம் செய்துவைத்து, மணமக்களை அன்றிரவு அந்த மாளிகைக்குள் அடைத்தார். பனிக்காலக் கேளிக்கை என்ற பெயரில் இதையும் சேர்த்துத்தான் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

பனித்தளமும் எந்நேரமும் நம்பத்தக்கதாக இருந்ததில்லை. அடியில் ஏற்றவற்றம் நின்றபாடில்லை. பனி உருகத் தொடங்கினால் சில மணி நேரத்தில் தளம் துண்டுதுண்டாகப் பிளந்துவிடும். 1789இல் ராதர்ஹைத் பகுதியில், ஆற்றோர மதுவிடுதி ஒன்றின் கட்டடத்தோடு ஒரு கப்பலைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பனி நகர்ந்தபோது கப்பலும் நகர்ந்தது; கயிற்றின் இழுப்பில் கட்டடமே இடிந்து விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த ஐந்து பேர் இறந்தார்கள்.

கடைசிச் சந்தை

1814 பிப்ரவரி 1ஆம் தேதி, பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கும் லண்டன் பாலத்துக்கும் இடையே ஆறு உறைந்து மீண்டும் சந்தை கூடியது. நான்கைந்து நாட்களே நீடித்தாலும் ஆரவாரத்தில் குறைவில்லை. படகோட்டிகள் இறங்குமிடத்தில் இரண்டு மூன்று பென்ஸ் வாங்கினார்கள். முழு ஆட்டை நெருப்பில் சுட்டு, அதற்கு 'லாப்லாந்து ஆட்டிறைச்சி' என்று தொலைதூரப் பனிநாட்டின் பெயரைச் சூட்டி, சுடுவதைப் பார்க்க ஆறு பென்ஸ், ஒரு துண்டு தின்ன ஒரு ஷில்லிங் (12 பென்ஸ்) என்று வசூலித்தார்கள். உள்ளூர் ஆட்டுக்கு வெளியூர்ப் பெயர் வைத்து இரட்டை விலை வாங்கும் இந்த வித்தைக்கு வயது அதிகம். ஜின் மதுவும் இஞ்சி கேக்கும் அமோகமாக விற்றன. அங்கே வாங்கிய ஒரு துண்டு இஞ்சி கேக் லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இன்றும் இருக்கிறது. பத்துக்கு ஒட்டிய எண்ணிக்கையில் அச்சு எந்திரங்கள் வந்திருந்தன. நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு புத்தகத்தின் பகுதிகளைக்கூட ஆற்றின் மேலேயே அச்சிட்டார்கள். பனியின் வலிமையைக் காட்ட, பிளாக்ஃபிரையர்ஸ் அருகே ஒரு யானையை ஆற்றின் குறுக்கே நடத்திச் சென்றார்கள் என்பது இச்சந்தையைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. பிப்ரவரி 5ஆம் தேதியளவில் காற்று மாறி மழை பெய்து பனி பிளந்தது. கடைசி நேரம் வரை கடையை எடுக்க மனமில்லாமல் நின்றவர்களில் சிலர் உயிரிழந்தார்கள்.

அதன்பின் பாலம் போயிற்று. ஏற்கெனவே 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாலத்தின் மேலிருந்த வீடுகளை அகற்றி, நடுவிலிருந்த ஒரு தூணையும் எடுத்து, இரண்டு கண்களை ஒரே அகன்ற கண்ணாக மாற்றியிருந்தார்கள். 1831 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஐந்தே அகன்ற கண்கள் கொண்ட புதிய லண்டன் பாலம் திறக்கப்பட்டது. அறுநூறு ஆண்டுப் பழம்பாலத்தை இடித்தெடுத்தார்கள். தேங்கிக் கிடந்த ஆறு விடுபட்டுக் கடலின் ஏற்றவற்றம் தாராளமாக உள்ளே பாய்ந்தது. பின்னர் ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர், நகரின் கழிவுநீர்க் குழாய்களைப் பதிப்பதற்காகவும் சாலை அமைப்பதற்காகவும் ஆற்றின் ஓரங்களை மூடிக் கற்கரைகள் கட்டினார். விக்டோரியா கற்கரை 1870இல் திறக்கப்பட்டது. ஆறு குறுகி, ஆழமாகி, வேகம் கொண்டது. படகோட்டிகளுக்கும் அந்நூற்றாண்டில் பாலங்கள் பெருகியதால் தொழில் சுருங்கிக்கொண்டே வந்தது.

காலநிலை மாறியதால்தான் சந்தை நின்றுவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1813–14 குளிர்காலத்தின் சராசரி வெப்பநிலை 0.4 டிகிரி; 1962–63 குளிர்காலத்தின் சராசரியோ மைனஸ் 0.3 டிகிரி. அதாவது, கடைசிச் சந்தை கூடிய பருவத்தைவிடக் கடுமையான குளிர், ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் இங்கிலாந்துக்கு வந்தது. அப்போது தேம்ஸின் மேற்பகுதியில் விண்ட்சர், ஆக்ஸ்ஃபோர்டு போன்ற ஊர்களில் ஆறு நன்றாகவே உறைந்தது. மக்கள் அதன்மேல் நடந்தார்கள், சறுக்கினார்கள், ஆக்ஸ்ஃபோர்டில் கார்கூட ஓட்டிப் பார்த்தார்கள். லண்டன் நகரின் நடுவே மட்டும் ஆறு உறையவில்லை. கடலின் ஏற்றவற்றம் தடையின்றி வந்துபோயிற்று, கற்கரைகள் நீரை விரைந்து ஓடச் செய்தன, கரையோர மின்நிலையங்கள் குளிர்விப்புக்கு எடுத்த நீரை வெதுவெதுப்பாகத் திரும்ப ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தன, பனிப்பாளங்களைப் பிடித்து நிறுத்தப் பழைய பாலமும் அங்கே இல்லை.